பத்திரி கேட்ட வாய்

வீரபாண்டி முழங்கை வரைக்கும் ரேஷன் அரிசி டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். கழுத்தில் போட்டிருந்த துண்டு நழுவி அரிசிக்குள் விழுந்து கிடந்தது. அதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"தம்பி, அதுக்குள்ள அரிசி தான் இருக்கு" என்றாள் அண்ணன் பெண்டாட்டி சுமதி. மூன்றாவது தடவையாகச் சொல்கிறாள்.

"இருக்கட்டும் மதினி. அடியில கெடக்கான்னு பாக்குறேன்."

"அடியிலயும் அரிசி தான்."

வெளியே பந்தலுக்குக் கீழே ஐஸ் பெட்டிக்குள் அவன் அப்பா கிடந்தார். வெள்ளத்துரை, எழுபத்தி நாலு வயசு. விடியக்காலம் அஞ்சரைக்கு உயிர் போனது. இப்போது மணி ரெண்டு. மூணு மணிக்கு எடுப்பு என்று பரளச்சி வரைக்கும் சொல்லியாகிவிட்டது. திருப்பூரிலிருந்து கார் பிடித்துப் பெண்டாட்டியோடு வந்து இறங்கிய சின்ன மகன், பெட்டிக் கண்ணாடி மேல் விழுந்து அஞ்சு நிமிசம் அழுதான். எழுந்து மூக்கைத் துடைத்தான். "பத்திரம் எங்க மதினி?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் வந்தவன் தான். இன்னும் வெளியே போகவில்லை.

எல்லாம் ஒரு எழுத்தால் வந்த வினை.

காலையில் போனில் சுமதி தான் அவனுக்குச் சொன்னாள். பக்கத்தில் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். "கடைசியா பத்திரி, பத்திரின்னு கேட்டாக தம்பி" என்றாள். அந்தப் பக்கம் பனியன் கம்பெனி மிஷின் சத்தம். அவன் காதில் 'பத்திரம், பத்திரம்' என்று விழுந்திருக்கிறது. போனை வைத்தவன் வழி நெடுகப் பெண்டாட்டியிடம் சொல்லி, ஊர் வந்து சேர்வதற்குள் அது கல்வெட்டாகிவிட்டது. அப்பா சாகும்போது பத்திரத்தைக் கேட்டிருக்கிறார். ரெண்டு மகனையும் கூப்பிட்டு ஏதோ சொல்ல நினைத்திருக்கிறார். பக்கத்தில் இருந்தது மதினி மட்டும் தான்.

எந்தப் பத்திரம் என்று கேட்க வேண்டியதே இல்லை. வெள்ளத்துரை இளவட்டமாக இருந்தபோது பதினோரு வருசம் மலையாளத்துக் காட்டில் மரம் வெட்டினார். அந்தக் காசில் ஊருக்கு வடக்கே மூணு குறுக்கம் நிலம் வாங்கினார். மழை பெய்தால் கம்பு விளையும், இல்லாவிட்டால் வேலிக்கருவை விளையும். பத்து வருசத்துக்கு முன்னால் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. இப்போது அதற்குப் பக்கத்தில் சோலார்க்காரன் கண்ணாடி கண்ணாடியாக நட்டுவிட்டான். அன்றிலிருந்து அந்த மண்ணுக்கு மரியாதை வந்துவிட்டது.

"தம்பி, நான் சொல்றதக் கேளுங்க. அவுக கேட்டது பத்திரம் இல்ல, பத்திரி."

"பத்திரின்னா என்ன மதினி? சர்ச்சுல இருப்பாகளே, அவுகளா?"

"அது பாதிரி. இது ஒரு கொட்ட. மரத்துக் கொட்ட."

வீரபாண்டி அரிசிக்குள்ளிருந்து கையை எடுத்து அவளைப் பார்த்தான். பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது. அது தான் சுமதிக்குத் தாங்கவில்லை.

"சாகப்போற மனுசன் கொட்டையவா கேப்பாரு?"

அவனைக் குறை சொல்லவும் முடியாது. மாமனார் அந்த மரத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போதெல்லாம் ரத்தமரம் என்று தான் சொல்வார். வெட்டினால் ரத்தம் வடிக்கும், தண்ணிக்குள்ளேயே நிற்கும் என்பார். குடிக்கிற தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா வருகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, எந்நேரமும் தண்ணிக்குள் நிற்கிற மரம் என்று சொன்னால் யார் நம்புவது? ஊர் அவருக்கு ரத்தமரத்தான் என்று பேர் வைத்துச் சிரித்தது. பிள்ளைகளும் சிரித்தார்கள். பத்திரி என்ற பேரைச் சுமதி மட்டும் தான் கேட்டாள். அதுவும் போன வருசம் ஆனியில் அவர் கால் தவறி விழுந்து படுத்த பிறகு. பதினாலு மாசம். புரட்டிப் போட்டதும், பீ மூத்திரம் எடுத்ததும், முதுகுப் புண்ணைத் துடைத்து ஆஸ்பத்திரிப் பவுடர் தூவியதும் அவள். தூவுகிறபோதெல்லாம் அவர் ஒரே பாட்டு. "இது ஆகாது தாயி. டப்பாவுல பத்திரி கெடக்கு பாரு. அதப் பொடிச்சு நல்லெண்ணெயில காச்சிப் போடு. மூணே நாளு."

"ஆமா, பெரிய வைத்தியரு" என்பாள். ஒரு நாளும் காய்ச்சவில்லை. ஒரு வேலையா ரெண்டு வேலையா அவளுக்கு.

"இங்க பாருங்க!"

உள் அறையிலிருந்து சத்தம் வந்தது. வீரபாண்டியின் பெண்டாட்டி ரேணுகாதேவி அடுப்படிப் பரணிலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கிக்கொண்டு வந்தாள். பழைய பிஸ்கட் டப்பா. மூடியில் ரோசாப்பூப் படம், பாதி துரு.

வீரபாண்டி டப்பாவை வாங்கி மூடியைத் திறந்தான். உள்ளே உளுந்தம்பருப்பு.

"இது எங்க அப்பா டப்பா. யாரையும் தொடவிட மாட்டாரு. தலைமாட்டுலயே வச்சிருப்பாரு. இதுல இருந்தது எங்க மதினி?"

சுமதி டப்பாவை வாங்கி மூடினாள்.

"கொட்டிட்டேன்."

"என்னத்தக் கொட்டுனீக?"

"அந்தக் கொட்டையத் தான். பூச்சி அரிச்சு, எறும்பு ஏறி, அவுக புண்ணுக்கு வர ஆரம்பிச்சிருச்சு. பத்து நாளைக்கு முன்னாடி குப்பைக்குழியில கொட்டிட்டு டப்பாவக் கழுவி பருப்பு போட்டேன்."

"அவருக்கிட்டச் சொன்னீகளா?"

"சொல்லல."

சொன்ன பிறகு தான் அது எப்படி விழும் என்று அவளுக்கே புரிந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். ரேணுகாதேவி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ரொம்ப மெதுவாகச் சொன்னாள். "அக்கா, மாமாவுக்குத் தெரியாம டப்பாவக் காலி பண்ணிருக்கீக. அப்புறம் அவுக கேக்கும்போது நீங்க மட்டும் தான் இருந்திருக்கீக. நான் ஒண்ணும் சொல்லல. ஊர்ல நாலு பேரு கேட்டா என்னக்கா சொல்றது?"

"ஊரு கேக்கல, நீ தான கேக்குற."

சுமதி புருசனைத் தேடினாள். மருதுபாண்டி பந்தலுக்கு வெளியே கொட்டுக்காரர்களோடு நின்றுகொண்டிருந்தான். காலையிலிருந்து அவனுக்கு ஓட்டம் தான். மத்தியானம் கரெண்டு போனதும் ஐஸ் பெட்டிக்கு ஜெனரேட்டர் கொண்டு வந்தான். சேர் பத்தவில்லை என்று எம்.ரெட்டியபட்டிக்கு ஆள் விட்டான். வீட்டுக்குள் தம்பி குடத்தையும் பெட்டியையும் உருட்டுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. அவன் ஒரு தடவைகூட உள்ளே வந்து, "ஏலே, என்னலே தேடுற" என்று கேட்கவில்லை.

"என்னங்க, இங்க வாங்க. ஒங்க தம்பிக்கிட்ட வந்து சொல்லுங்க."

"ஜெனரேட்டர் சத்தம் மாறுது. பாத்துட்டு வாரேன்" என்று பின்பக்கம் போய்விட்டான்.

மானக்கேடாக இருக்கும் அவனுக்கு, என்று சுமதி நினைத்தாள். அவன் எப்போதும் சண்டைக்கு ஆகாத ஆள். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு கோபம் வந்தது. ஒரு வார்த்தை. இந்த வீட்டில் ஒரு வார்த்தையை ஒருத்தனாவது முழுசாகக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கூத்தே வந்திருக்காது.

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். குப்பைக்குழி வேலி ஓரம் இருந்தது. சாணியும் சாம்பலும் காலையில் அள்ளிப் போட்ட பெரியவரின் பாயும் தலையணையும் கிடந்தன. அதை ஒதுக்கிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரெண்டு கையாலும் தோண்டினாள். பக்கத்து வீட்டுத் தங்கச்செல்வி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"என்னடி பண்ற, கிறுக்கு புடிச்சிருச்சா? எழவு வீட்டுல மூத்த மருமக குப்பையக் கிண்டுறா, எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்."

"பூரான் கெடக்கும்டி."

"கடிச்சாச் சாகுறேன். ஐஸ் பெட்டி தான் வந்திருக்கே."

தங்கச்செல்வியும் உட்கார்ந்து ஒரு குச்சியை எடுத்துக் கிளறினாள். கருப்பட்டித் தாள், முட்டை ஓடு, ஆஸ்பத்திரிப் பவுடரின் காலி டப்பா. அப்புறம் ஒன்று கையில் தட்டியது. பாக்கைவிடப் பெரிசு, நீளவாக்கில். பூச்சி துளைத்த ஓட்டை. மேலே காய்ந்த வேர் மாதிரி ஒரு வலை பின்னிக்கொண்டு கிடந்தது. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். இப்போது காய்ந்த ரத்தத்தின் நிறம். மொத்தம் அஞ்சு கிடைத்தது. முந்தியில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

முன்வாசலுக்கு வந்தபோது ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றிருந்தது. காசிராஜன் இறங்கிக்கொண்டிருந்தார். பந்தல்குடிக்காரர். வெள்ளத்துரையோடு ஒன்றாக மலையாளத்துக்குப் போனவர். ஒரு காலை இழுத்து நடப்பார், ஒரு காது கேட்காது. பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, "என்னலே, முந்திக்கிட்டயா" என்றார். அழவில்லை. கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் தன் துண்டால் துடைத்துவிட்டு முகத்தைப் பார்த்தார்.

சுமதி முந்தியை அவிழ்த்து அவர் முன்னால் நீட்டினாள். கையெல்லாம் சாம்பல்.

"பெரிய்யா, இது என்னன்னு சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

அவர் ஒன்றை எடுத்தார். நகத்தால் வலையைக் கீறினார். மூக்கிடம் கொண்டு போனார்.

"பத்திரி" என்றார். "ஏது இது? அவன் இன்னமுமா வச்சிருந்தான்?"

சுமதி வீரபாண்டியைப் பார்த்தாள். அவன் கைகளில் அரிசி மாவு அப்பியிருந்தது.

"இவுகளுக்குச் சொல்லுங்க பெரிய்யா. நான் சொன்னா நம்ப மாட்டேங்காக."

காசிராஜன் சேரில் உட்கார்ந்தார். "குளத்துப்புழைக்கு மேல காடு. முழங்கால் தண்ணி எந்நேரமும் நிக்கும். அந்தத் தண்ணிக்குள்ள நிக்கும்யா பத்திரி மரம். வேரு கீழ போயி, மூச்சு முட்டி, திரும்ப மேல வந்து மடக்குன முட்டி மாதிரி தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கும். ராத்திரி பாத்தா ஆளுக உக்காந்திருக்க மாதிரியே இருக்கும். கோடாலி போட்டா செவப்பாப் பாலு வடியும். சட்டையில பட்டா சட்டை போச்சு. ஒங்க அப்பனுக்கு மொத நாளு காய்ச்சல் வந்துருச்சு, கொல பண்ணிட்டமாம்னு."

"அந்த ரத்தமரமா?" என்றான் வீரபாண்டி. முகம் கொஞ்சம் இளகியது.

"ரத்தமும் இல்ல, மண்ணும் இல்ல. லேசான மரம். கதவு நெலைக்கு ஆகாது. தேயிலப் பெட்டி அடிப்பாக, மிச்சத்த லோடு ஏத்தி இங்கிட்டுத் தான் அனுப்புவாக, தீக்குச்சி சீவ. நீங்க அடுப்பு பத்த வச்ச குச்சியெல்லாம் அந்த மரம் தான். இந்தா, கொட்டையச் சுத்தி வலை மாதிரி இருக்குல்ல, இது பத்திரி. ஜாதிப்பத்திரிக்குச் சித்தப்பன் மகன். வாசம் கெடையாது. கலந்து விக்கிறதுக்கு ஏவாரி வந்து வாங்கிட்டுப் போவான். கொட்டையில நெய் இருக்கும். ஈர்க்குல கோத்துக் கொளுத்துனா மெழுகுவத்தியா எரியும். எங்களுக்கு வெளக்கும் அது தான், மருந்தும் அது தான். அட்டை கடிச்ச புண்ணு, கோடாலி பட்ட புண்ணு, எதுவா இருந்தாலும் காச்சிப் போட்டா ஆறிரும்." நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இதக் கேட்டானா? அவனுக்குப் புண்ணு கிண்ணு இருந்துச்சா?"

தங்கச்செல்வி தான் சொன்னாள். "முதுகு பூராவும் இருந்துச்சு பெரிய்யா."

அன்று விடியலில் குழாயில் தண்ணி வந்துவிட்டது என்று தெருவே குடத்தோடு ஓடியது. அப்போது தான் மாமனார் கூப்பிட்டார். "தாயி, பத்திரிய எடு தாயி." பத்து நாளாக இல்லாத பத்திரி. "இந்தா வாரேன் மாமா" என்று சொல்லிவிட்டு ரெண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். இன்னொரு தடவை கேட்டது வாசல் தாண்டும்போது காதில் விழுந்தது. நாலு குடம் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தபோது வாய் திறந்தபடி இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"கேட்டுக்கிட்டீகளா தம்பி?" என்றாள். "இப்பவாச்சும் தூக்கச் சொல்லுங்க. மணி மூணரை."

வீரபாண்டி தலையாட்டினான். கையிலிருந்த அரிசி மாவைத் தட்டிவிட்டான். அப்புறம் நிமிர்ந்தான்.

"சரி மதினி. அவரு கேட்டது பத்திரின்னே வச்சுக்குவோம். அப்ப பத்திரம் எங்க?"

சுமதிக்கு ஒரு நிமிசம் சிரிப்பு வந்துவிட்டது. எழவு வீட்டில் வரக்கூடாத சிரிப்பு. மூச்சை இழுத்து அடக்கினாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பத்திரத்த நான் கண்ணால கண்டதில்ல."

"வீடு பூராவும் தேடியாச்சு. யாரும் எடுக்காம எப்படிக் காணாமப் போகும்?"

"என்னலே இது" என்றார் காசிராஜன். "பொணத்த வச்சுக்கிட்டுப் பங்கு பேசுறீக. தூக்குங்கலே மொதல்ல."

"பெரிய்யா, நீங்க சும்மா இருங்க. தூக்கிட்டாப் பேச்சு முடிஞ்சு போகும். அவரு இருக்கும்போதே கேட்டுக்கிறேன்." அவன் குரல் உடைந்தது. "பதினாறு வருசம் திருப்பூர்ல தையல் மிஷின்ல குனிஞ்சு கெடக்குறேன். எனக்குன்னு அந்த ஒண்ணரைக் குறுக்கம் தான். ஊருல எனக்குன்னு வேற என்ன இருக்கு?"

அதில் பொய் இல்லை. அது தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அக்கா சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும்" என்றாள் ரேணுகாதேவி. "மாமா தலைமாட்டுல. எடுக்கலேன்னா என்ன பயம்?"

பந்தலில் ஒரு சலசலப்பு. யாரோ வேண்டாம் என்றார்கள். யாரோ பண்ணினால் தான் என்ன என்றார்கள். அந்த ரெண்டாவது குரலைச் சுமதி அடையாளம் கண்டுகொண்டாள். பிள்ளைப்பேற்றுக்குச் சுமதி பத்து நாள் சோறாக்கிப் போட்ட வீடு. அப்போதே முடிவு செய்துவிட்டாள். இந்தத் தெருவில் தான் இனி நடக்க வேண்டும். இந்தக் குழாயில் தான் தண்ணி பிடிக்க வேண்டும். மாமனார் சொத்தை அமுக்கியவள் என்று ஒரு பேரைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க அவளால் ஆகாது.

கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். தலைமாட்டு விளக்குக்குப் பக்கத்தில் தரையில் ஒரு சூடத்தை வைத்தாள். பற்ற வைத்தாள். நீலமாக எரிந்து மஞ்சளாக எழும்பியது.

"மாமா தலைமாட்டுல சொல்றேன். பத்திரத்த நான் எடுக்கல. அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்து பொய் சொன்னா இந்தக் கை அழுகிப் போகட்டும்."

உள்ளங்கையை விரித்து நெருப்பின் மேல் ஓங்கி அடித்தாள். சூடம் அணைந்தது. கை சுருக்கென்றது. எழுந்து நின்றாள். ஜெனரேட்டர் மட்டும் ஓடியது.

வீரபாண்டியின் முகம் செத்துப் போயிருந்தது. "போதும் மதினி" என்றான். அந்த இடத்தில் முடிந்திருக்கும். கொட்டுக்காரன் குச்சியைக்கூட எடுத்துவிட்டான்.

"பெரியத்தானும் ஒரு வார்த்த சொல்லிட்டா நல்லாருக்கும்" என்றாள் ரேணுகாதேவி. "ஒரு கண்ணுல சுண்ணாம்பு ஒரு கண்ணுல வெண்ணெய்னு இருக்கக் கூடாதுல்ல."

சுமதிக்கு அப்போதுகூட ஒன்றும் தோன்றவில்லை. அவரும் அடித்துவிட்டுப் போகட்டும், வேலை முடியும் என்று தான் நினைத்தாள். இன்னொரு சூடத்தை எடுத்து அதே இடத்தில் வைத்துப் பற்ற வைத்தாள். "வாங்க" என்றாள்.

மருதுபாண்டி பந்தல் கால் ஓரத்தில் நின்றான். வரவில்லை.

"எனக்கெதுக்குலே? அவ பண்ணது போதாதா?"

"ஒரு நிமிசம் தாண்ணே."

"பச்சத் தண்ணி பல்லுல படாம காலையில இருந்து ஓடிக்கிட்டிருக்கேன். இப்பப் போயி..."

சூடம் எரிந்துகொண்டிருந்தது. பாதியானது. சுமதி அவன் கையைப் பார்த்தாள். வேட்டியைப் பிடித்திருந்தது. அந்தக் கையை அவளுக்குப் பத்தொன்பது வருசமாகத் தெரியும். பொய் சொல்லும்போது அது எதையாவது பிடித்துக்கொள்ளும். சூடம் கால்வாசியானது.

"என்னங்க" என்றாள்.

சூடம் தானாக எரிந்து அணைந்து கருப்பு வட்டமாகத் தரையில் ஒட்டியது.

"வீரா" என்றான் மருதுபாண்டி. தம்பியைப் பார்க்கவில்லை, ஐஸ் பெட்டியையும் பார்க்கவில்லை. "அது எம் பேருல இருக்குலே. அப்பா செட்டில்மெண்ட் எழுதிக் குடுத்துட்டாக. போன வருசம் சித்திரையில."

போன வருசம் சித்திரை. சுமதிக்கு அந்த நாள் அப்படியே எழுந்து வந்தது. பெரியவருக்குக் கண் மங்கலாக இருக்கிறது, டவுனு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறேன் என்று கார் பிடித்துக் கூட்டிப் போனான். அவள் தான் மாமனாருக்குச் சலவை வேட்டி எடுத்துக் கொடுத்து, தயிர்ச்சோறு கட்டி, எங்க வீட்டுக்காரரு அப்பாவுக்குக் கண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போறாக என்று தெருவெல்லாம் சொன்னாள். சாயங்காலம் வந்து இறங்கியவரைக் கேட்டாள். "கண்ணு எப்படி மாமா இருக்கு?" அவர் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். "நல்லாத் தெரியுது தாயி" என்றார்.

வீரபாண்டி அண்ணன் சட்டையைப் பிடித்துவிட்டான். நாலு பேர் நடுவில் விழுந்தார்கள். ஒரு சேர் உடைந்தது. காசிராஜன் எழுந்து தன் கம்பால் பந்தல் காலில் ஓங்கி அடித்தார். "தூக்குங்கலே! இல்ல, நானும் அவனும் நடந்தே போயிர்றோம்." அதற்குப் பிறகு தான் ஆட்கள் பெட்டியைத் திறந்தார்கள்.

இந்தக் களேபரத்திலும் ரேணுகாதேவி சுமதியின் பக்கத்தில் தான் நின்றாள். இப்போது அவள் மெதுவாகப் பேசவில்லை.

"ஏங்க்கா, அம்புட்டுத் துணிச்சலா? பொணத்துத் தலைமாட்டுல பொய்ச் சத்தியமா?"

"நான் பொய் சொல்லல."

"புருசன் பேருல நெலம் இருக்கு. பொண்டாட்டிக்குத் தெரியாதாம். யாரு நம்புவாக்கா?"

சுமதி சுற்றிலும் பார்த்தாள். பெண்கள் எல்லாரும் அவளைத் தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பார்த்ததும் ஒவ்வொருத்தியாகத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். மருதுபாண்டி சட்டைப் பொத்தான் அறுந்து, பாடைக்குப் பக்கத்தில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்து, 'அவளுக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் காத்திருந்தாள். கயிற்றை முடிச்சுப் போட்டான். இழுத்துப் பார்த்தான். இன்னொரு முடிச்சும் போட்டான்.

பெரியவரைக் குளிப்பாட்டப் புரட்டியபோது முதுகு தெரிந்தது. ஆண்கள் முகத்தைச் சுளித்தார்கள். வீரபாண்டி அதை அப்போது தான் முதல் தடவையாகப் பார்த்தான். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். வாய்க்கரிசி போட எல்லாரும் வரிசையாக வந்தார்கள். சுமதி இடது கையால் போடப்போக, "சோத்துக் கையால போடும்மா" என்றார் ஒரு பெரியவர். வலது கை விரல் நுனியால் கிள்ளிப் போட்டாள்.

கொட்டு முழங்கியது. அண்ணனும் தம்பியும் முன்பக்கம் ஆளுக்கொரு தோளாகத் தூக்கினார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் நடந்ததில் காலடி ஒத்துப்போகவில்லை. பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. காசிராஜன் பின்னால் காலை இழுத்துக்கொண்டு, "சேந்து போங்கலே, சேந்து போங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். முச்சந்தி வரைக்கும் பெண்கள் போனார்கள். அதற்கு மேல் போகக் கூடாது. வடக்கே பாதை திரும்பும் இடத்தில் சோலார்க்காரன் கண்ணாடிகள் சாயங்கால வெயிலில் தகதகத்தன. ஆட்கள் அந்த வெளிச்சத்துக்குள் போய் மறைந்தார்கள்.

திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள். ரேணுகாதேவியும் வந்த சொந்தங்களும் முன்வாசலில் குளித்தார்கள். சுமதி பின்வாசல் தொட்டிக்குப் போனாள். கூட யாரும் வரவில்லை. தங்கச்செல்வி மட்டும் வந்தாள். சொம்பில் தண்ணி மொண்டு அவள் தலையில் ஊற்றினாள். ரெண்டு சொம்பு, மூணு சொம்பு. முதுகைத் தேய்த்துவிட்டாள். நாலாவது சொம்பை மொண்டவள் ஊற்றாமல் நின்றாள்.

"சுமதி."

"ம்."

"ஏங்கிட்ட மட்டும் சொல்லு. நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். நெசமாவே ஒனக்குத் தெரியாதாடி?"

சுமதி நிமிர்ந்து பார்த்தாள். தலையிலிருந்து தண்ணி வழிந்து கண்ணுக்குள் போனது. சூடம் அடித்த உள்ளங்கையில் பெரிதாகக் கொப்புளம் எழும்பியிருந்தது. அதைத் தங்கச்செல்வி பார்ப்பதற்குள் விரல்களை மடக்கிக்கொண்டாள். மடக்கியதில் கொப்புளம் உடைந்தது தெரிந்தது. மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டிச் சொம்பை வாங்கித் தானே தலையில் ஊற்றிக்கொண்டாள்.